பங்கஜவல்லி ஸ்டாப்

சிந்தாதிரிப்பேட்டையில், எந்தக் காலத்திலும் தண்டவாளம் என்பதையே கண்டிராத வேலாயுதன் தெருவுக்குள், ஆடி மாசத்து ஒரு சாயங்காலம், தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசை போட்டுவிட்டு ஜனங்கள் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், டிங் டிங்கென்று மணியடித்தபடி ஒரு டிராம் வந்தது. வந்தது லாரி இல்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் ஏமாற்றமாகப் போய்விட்டது. குடங்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வழிவிட்டார்கள். இஸ்திரி போடுகிற மாசிலாமணி மட்டும் டிரைவரைப் பார்த்து, "அண்ணே, வர்ற வழியில தண்ணி லாரி எதனா பார்த்தியா?" என்று கேட்டான். டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த டிராமுக்கு முன்னாலும் தண்டவாளம் இல்லை, பின்னாலும் இல்லை, அடியில் மட்டும் இருந்தது. மாநகராட்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், தெருவை அளந்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். போலீஸ்காரர்கள் தெருமுனையில் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். டிராம் அதைச் சுற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையார் கோயில் குருக்கள் அதன் நெற்றியில் விபூதியும் குங்குமமும் வைத்தார், வெள்ளிக்கிழமைகளில் யாரோ விளக்குக்கு மாலை போட்டார்கள், ஆட்டோக்காரர்கள் பிழைப்பு போச்சே என்று கொஞ்ச நாள் கத்திவிட்டு, பிறகு டிராமுக்குப் பின்னாலேயே போனால் நெரிசலில் வழி கிடைக்கிறது என்று கண்டுபிடித்துச் சத்தத்தை நிறுத்தினார்கள். ஆவணி பிறப்பதற்குள், டிராம் போனதும் அடுப்பில் குக்கரை ஏற்றுவது என்று தெருவுக்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது.

எல்லாம் சரி, அதில் ஒரே ஒரு சங்கடம். அந்த டிராம் ஊர்க்காரர்களை ஏற்றாது. ஊர் பார்க்க வந்தவர்களை மட்டும்தான் ஏற்றும்.

கண்டக்டர் படியில் நின்றுகொண்டு, "எந்த ஊரு?" என்று கேட்பார். பதிலைக் காதில் வாங்க மாட்டார், ஆளின் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பார். இந்த ஊர்க்காரர்கள் எப்போதும் கீழே பார்த்துத்தான் நடப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் பள்ளம் இருக்கிற இடம் தெரியும். வந்தவர்கள்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு அவர் காசு கேட்காமல் வழிவிடுவார். டிராம் அவர்களை, எங்கே என்று சொல்லாமலே, மனசுக்குள் எதைப் பார்க்க ஆசைப்பட்டார்களோ அங்கே கொண்டுபோய் நிறுத்தி, பார்த்து முடித்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும்.

இது தெரிந்ததும் சென்னை நகரம் அடித்த கூத்தைச் சொல்லி முடியாது. எழும்பூர் ஸ்டேஷன் எதிரே அல்வாப் பொட்டலம் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, திருநெல்வேலியிலிருந்து இப்போதுதான் இறங்கினதுபோல நின்றவர்கள் எத்தனையோ பேர். அரக்கோணத்தில் மாமியார் வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி படுத்துவிட்டு, தலை கலைந்து, பெட்டியோடு வந்து நின்றவர்கள் உண்டு. அண்ணாந்து பார்க்கப் பழகினவர்கள் உண்டு. அப்படிப் பழகி, மூடாத சாக்கடையில் கால் வைத்து, மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்கள் அதைவிட அதிகம். டிராம் யாரிடமும் ஏமாறவில்லை.

பங்கஜவல்லி முதலில் இதை லட்சியமே செய்யவில்லை. அவள் அந்தத் தெருவில் பிறந்து, அந்தத் தெருவிலேயே வளர்ந்து, பிறந்த வீட்டுக்கே மாப்பிள்ளை வரவழைத்துக் கல்யாணம் செய்துகொண்டு, பெண் பெற்று, அந்தப் பெண்ணைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தவள். தெருவில் மற்ற எல்லோருக்கும் சொந்த ஊர் என்று வேறொன்று இருந்தது. கேட்டால் செய்யாறு என்பார்கள், கமுதி என்பார்கள், துறையூர் என்பார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தெருவே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். எல்லா வீட்டுச் சாவியும் பங்கஜவல்லி வீட்டுச் சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கும். அவள்தான் ஒவ்வொரு வாசலுக்கும் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு துளசிக்கும் ஊற்றி, ஊரில் இல்லாதவர்களின் பூனைகளுக்கெல்லாம் சோறு வைப்பாள். போகிறவர்களைப் பார்த்து, நமக்கு மட்டும் போவதற்கு ஓர் ஊர் இல்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரியும். ஆனால் சாவிகளைப் பார்த்தால் அது ஆறிவிடும்.

அவள் வீட்டுக்காரர் ஆபத்சகாயத்துக்குக் குத்தாலம் பக்கம். கல்யாணமாகி வந்த முதல் நாள் மாமியார் அவருக்கு வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தாள். அந்த வீட்டில் வெள்ளி டம்ளர் விருந்தாளிக்கு, எவர்சில்வர் டம்ளர் வீட்டு மனிதர்களுக்கு. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் பங்கஜவல்லி அந்த மரியாதையைக் குறைக்கவில்லை. பேத்தி பிறந்த பிறகும் அவருக்கு வெள்ளி டம்ளர்தான், அவளுக்கு விளிம்பு நசுங்கின எவர்சில்வர்தான். அவர் வாளியைத் தொட்டால், "நீங்க வுடுங்க, போய் உக்காருங்க" என்பாள். அவரும் போய் உட்கார்ந்துகொள்வார்.

புரட்டாசியில் ஆபத்சகாயத்தின் தம்பி மனைவி செண்பகம் வந்தாள். புருஷன் காலமாகி, பையன் துபாயில் இருந்ததால் ஊரில் தனியாக இருந்தவள். கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு வந்தாள். ஒரு பை நிறைய கத்தரி வற்றலும் புளியும் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கும் வெள்ளி டம்ளரில்தான் காபி. கட்டுப் பிரித்த மறுநாள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, எதிர்வீட்டு மாடியை ஆவென்று அண்ணாந்து பார்த்தாள். டிராம் அவள் காலடியில் வந்து நின்றது.

"எந்த ஊரு?" என்றார் கண்டக்டர்.

"குத்தாலத்துக்குத் தெக்கால, மூணு மைலு உள்ளாற போவணும்" என்று செண்பகம் ஆரம்பிப்பதற்குள் அவர் வழிவிட்டார்.

இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தவள் வாய் ஓயவில்லை. "அக்கா, மியூசியத்துல ஒரு திமிங்கிலத்தோட எலும்பை அப்படியே தொங்க வுட்டிருக்கான், நம்ம கூடத்தைவிடப் பெருசு. சாந்தோம் பக்கம் கடலு இருக்கு பாருங்க, அங்க டிராம் தண்ணி ஓரமாவே போவுது, சில்லுன்னு மூஞ்சில அடிக்குது. நீங்க பார்த்திருப்பீங்களே!"

"பார்க்காம இன்னா" என்றாள் பங்கஜவல்லி. கடலைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. நான் பிறந்த ஊரை, நேற்று வந்தவள் எனக்கே சுற்றிக் காட்டுகிறாளா என்று வயிற்றில் ஒரு கங்கு விழுந்தது. அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

மறுநாள் டிராம் வருகிற நேரத்துக்குப் பங்கஜவல்லியும் வாசலுக்கு வந்தாள். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தம்பி மனைவியை வழியனுப்ப ஆபத்சகாயமும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். செண்பகம் ஏறினாள். கண்டக்டர் இறங்கி ஓரமாக நின்று, ஆபத்சகாயத்தைப் பார்த்து, "ஏறுங்க, எந்த ஊரு?" என்றார்.

"எனக்கா?" என்றார் ஆபத்சகாயம். அவர் கண் அப்போது டிராமின் கூரையில் இருந்தது. பங்கஜவல்லியைப் பார்த்தார், டிராமைப் பார்த்தார், அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். "ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன் பங்கஜம்" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார்.

அவளும் பின்னாலேயே படியில் கால் வைத்தாள். கண்டக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஏன்யா, இன்னா அநியாயம் இது? என் தாத்தா பொறந்தது இந்தத் தெருவுல. என் வூட்டுச் சோத்தைத் துன்னுட்டு என் வூட்டு ஆளு ஏறலாம், நான் ஏறக்கூடாதா?"

"இது வந்தவங்களுக்கும்மா. இருக்கிறவங்களுக்கு இல்ல."

"அப்ப இருக்கிறவங்களுக்கு இன்னாதான் கீது?"

"ஊரு இருக்கேம்மா" என்று சொல்லி அவர் மணியடித்தார்.

டிராம் கூவம் பாலத்துப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் பங்கஜவல்லி அங்கேயே நின்றாள். மறைந்த பிறகும் நின்றாள். திமிங்கில எலும்பாவது கடலாவது, அதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. இத்தனை வருஷம் அவள் கையால் சாப்பிட்டு, அவள் பக்கத்தில் படுத்து, அவள் பெண்ணுக்கு அப்பாவாக இருந்த மனுஷனை, எவனோ ஒரு கண்டக்டர் ஒரு பார்வை பார்த்து வந்தவன் என்று கண்டுபிடித்துவிட்டான், அந்த மனுஷனும் ஆமாம் என்று ஏறிப் போய்விட்டான். அதுதான் அவளைத் தின்றது.

அதற்குப் பிறகு தெருவில் ஒவ்வொருவராக ஏறத் தொடங்கினார்கள். டிராமுக்குப் பழகப் பழக நகரமே தன்னை மறந்து அண்ணாந்து பார்க்க ஆரம்பித்ததோ, அல்லது கண்டக்டருக்குத்தான் இந்த ஊர் ஜனங்களின் மனசு இன்னும் ஆழமாகத் தெரிய ஆரம்பித்ததோ, செய்யாற்றுக்காரர் ஏறினார், கமுதிக்காரர் குடும்பத்தோடு ஏறினார், பல வருஷமாக இதே மரத்தடியில் இஸ்திரி போட்ட மாசிலாமணியைக்கூட, "உளுந்தூர்பேட்டைதானே?" என்று கேட்டு ஏற்றிக்கொண்டார். "நான் இங்கதானே பொண்டாட்டி கட்டினேன்" என்று மாசிலாமணி தயங்கினானே தவிர, காலைப் பின்னால் வைக்கவில்லை. சாயங்காலமானால் தெரு வெறிச்சோடிவிடும். பங்கஜவல்லி மட்டும் இடுப்பில் ஒரு கையும், முந்தானையை இழுத்துப் பிடித்த இன்னொரு கையுமாக, உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலுக்கு நாலடி தள்ளி நிற்பாள்.

டிராமுக்கு அந்தத் தெருவில் ஸ்டாப் என்று ஒன்று கிடையாது. அடிபம்ப் பக்கத்தில் இளைஞர்கள் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்தார்கள், டிராம் மதிக்கவில்லை. பங்கஜவல்லி எங்கே நிற்கிறாளோ அங்கேதான் அது வந்து நின்றது. ஒரு நாள் அவள் வேண்டுமென்றே பிள்ளையார் கோயில் வாசலில் போய் நின்றாள், அன்றைக்கு டிராமும் கோயில் வாசலில் நின்றது. சென்ட்ரலிலும் மெரினாவிலும் ஏறினவர்களிடம் கண்டக்டர், "அடுத்தது பங்கஜவல்லி ஸ்டாப்" என்று சொல்வதாகச் செண்பகம் வந்து சொன்னாள். பெருமைப்படுவாள் என்று நினைத்துச் சொன்னாள். பங்கஜவல்லிக்கு எரிந்துகொண்டிருந்த இடத்தில் எண்ணெய் ஊற்றினதுபோல் ஆயிற்று.

"ஊருக்கெல்லாம் நான் ஸ்டாப்பு. நான் ஏற மட்டும் ஒரு ஸ்டாப்பு இல்ல!" என்றாள்.

ராத்திரி சாப்பாட்டில் அவள் புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். அவர் கடல் எந்த நிறத்தில் இருந்தது என்று தொடங்கினால் எழுந்து போய்விடுவாள். ஆனால் காலையில் வெள்ளி டம்ளர் மட்டும் அவர் முன்னால் ணங்கென்று வந்து உட்காரும். கோபத்திலும் அவள் மரியாதையை விட்டதில்லை.

பொறாமை ஒரு முழுநேர வேலை. அதில் இறங்கினவர்களுக்கு மற்றதற்கு நேரம் கிடைக்காது. பங்கஜவல்லிக்கு மீன் மார்க்கெட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, செண்பகம் போனாள். முதல் வாரம் அழுகின வஞ்சிரத்தை ஏமாந்து வாங்கி வந்தவள், மூன்றாம் வாரம் மீன்காரியின் செவுளைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டு, நல்ல சங்கரா வாங்கி வந்தாள். தண்ணீர் லாரிக்கு வரிசை போட்டாள். கேஸ் சிலிண்டர்காரனை அதட்டினாள். எந்தப் பள்ளத்தில் பலகை போட்டிருக்கிறது, எந்தப் பலகை ஆடும் என்று தெரிந்துகொண்டாள். கண்ணைச் சோதிக்கிற டாக்டர், போதும் ஊருக்குப் போகலாம் என்று எப்போதோ சொல்லிவிட்டார். அங்கே போய்த் தனியாக யார் மூஞ்சியைப் பார்ப்பது என்று அவள் இருந்துவிட்டாள். ஒரு நாள், வெள்ளி டம்ளர் எட்டாத இடத்தில் இருந்ததால், தானே ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காபி ஊற்றிக் குடித்தாள். பங்கஜவல்லி அதைக் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் டிராம் வந்து நின்றபோது, கண்டக்டர் கையை நீட்டிச் செண்பகத்தைத் தடுத்தார்.

"எந்த ஊரும்மா?"

"குத்தாலம்ங்க..." என்றாள் செண்பகம். அவள் கண் அப்போது, டிராமுக்கு அடியில் நேற்று தோண்டிப்போட்ட பள்ளத்தை யாராவது மூடினார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

டிராம் ஆபத்சகாயத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பங்கஜவல்லிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உன்னையும் விட்டுட்டான் பார்த்தியா என்று கேட்க நாக்கு துடித்தது. திரும்பிப் பார்த்தால் செண்பகம் பக்கத்தில் இல்லை. லாரி சத்தம் கேட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மார்கழி வந்து, தை நெருங்கியது. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் சாவிகளோடு வந்தார்கள். பங்கஜவல்லி வழக்கமான இடத்தில் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தாள். கமுதிக்காரரின் மனைவி அவளைத் தாண்டி வீட்டுக்குள் போய், "செண்பகம், இந்தாம்மா. பூனைக்குப் பால் மட்டும் போதும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். செய்யாற்றுக்காரர் வீட்டுச் சாவியும் அங்கேதான் போயிற்று. மாசிலாமணி வந்து, இஸ்திரிப் பெட்டியையே உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

"இன்னாடா, நான் ஒருத்தி இங்க மரமாட்டம் நிக்கிறேன், கண்ணு தெரியல?" என்றாள் பங்கஜவல்லி.

"நீதான் எப்பவும் டிராம் பார்த்துகினே கீறியே அக்கா. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு..." என்றான் அவன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

பங்கஜவல்லி தெருவை மேலும் கீழும் பார்த்தாள். மின்கம்பிகளைப் பார்த்தாள், மாடிகளைப் பார்த்தாள், கூவத்தின் பக்கமிருந்து வந்த நாற்றத்தை, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, நாற்றம் என்று முகர்ந்தாள். "தூ, இதெல்லாம் ஒரு ஊரா!" என்று அடிவயிற்றிலிருந்து சொன்னாள்.

டிராம் வந்து நின்றது. ஆபத்சகாயம் ஏறினார்; ராத்திரி ஊருக்குக் கிளம்புமுன் ஒரு சுற்று என்று செய்யாற்றுக்காரரும் கமுதிக்காரர் குடும்பமும் ஏறினார்கள். பங்கஜவல்லியிடம் கண்டக்டர் எதுவும் கேட்கவில்லை. ஓரமாக நகர்ந்து வழிவிட்டார்.

ஒரு கணம் அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு, உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த புருஷனின் வழுக்கைத் தலை தெரிந்தது; எத்தனை நாளாக அந்தத் தலைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகப் போய் வருகிறது என்று நினைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, அந்த இடத்தில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள்.

சொல்லக் கூடாது, அந்தச் சவாரி அவ்வளவு நன்றாக இருந்தது. பாலத்தின் மேல் ஏறும்போது கூவம் தங்கத் தகடாக மினுங்கியது. மவுண்ட் ரோட்டுக் கட்டடங்களுக்குத் தலைக்கு மேலே கோபுரங்களும் கொடிக்கம்பங்களும் கல்லில் செதுக்கின பூக்களும் இருந்தன; அவற்றுக்கு அடியில் ஆயிரம் தடவை நடந்தவள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மெரினாவில் காற்று அவள் கொண்டையை அவிழ்த்தது. சின்னப் பெண்போலக் கைதட்டினாள். இத்தனை நாள் இதையெல்லாம் அனுபவித்தவர்கள் மேல் பட்ட பொறாமை அத்தனையும் சரிதான் என்று தோன்றியது.

ஆபத்சகாயம் மட்டும் சிரிக்கவில்லை. "நீ எப்படி ஏறினே?" என்றார்.

"ஏன், நான் ஏறக்கூடாதா? நீங்க மட்டும் தெனம் ஏறலாமா? என்கிட்ட ஒரு வார்த்தை, நீயும் வாயேன்னு கேட்டிருப்பீங்களா?"

"கேட்கலையா? கல்யாணமான புதுசுல எத்தனை தரம் கேட்டேன், ஊரைச் சுத்திக் காட்டு பங்கஜம்னு. நீதான் இன்னா கீது பார்க்கன்னே. மார்க்கெட்டுக்கு நான் போறேன்னா விடமாட்டே. குழாயை நான் சரி பண்றேன்னா, நீங்க உக்காருங்கன்னே. நானும் உக்காந்துட்டேன். இதுவரைக்கும் அந்த வீட்டுல எனக்கு டீத்தூள் டப்பா எங்கே இருக்குன்னு தெரியாது." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போவட்டும். நாங்கள்லாம் ஊரு சுத்தினா, திரும்பி வர்ற எடத்துல நீ நின்னுக்கிட்டு இருப்பே. அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் எறங்குவோம். இப்ப நீயும் ஏறிட்டே. எங்கே எறங்கறது?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் டிராம் கடற்கரையைவிட்டுத் திரும்பிவிட்டது. ஒரு பாலம் ஏறி இறங்கியது. ஒரு தெரு வந்தது, இன்னொரு தெரு வந்தது. "எறங்கறவங்க சொல்லுங்க" என்றார் கண்டக்டர். செய்யாற்றுக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார், கமுதிக்காரர் எட்டிப் பார்த்தார், எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி மாடிகளும் ஒரே மாதிரி குடங்களும் இருந்தன. டிராம் நிற்காமல் சுற்றியது. குழந்தைகள் அழத் தொடங்கின. எல்லோரும் பங்கஜவல்லியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு மாடிகள் தெரிந்தன, மாடிகளுக்கு மேல் வானம் தெரிந்தது, எது தன் தெரு என்று தெரியவில்லை. பிறந்த வீட்டை அடையாளம் தெரியாமல், கூட்டத்தோடு கூட்டமாக, அவள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஒரு தெருவிளக்குக்குக் கீழே ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில் இருந்தது, இன்னொரு கை முந்தானையை இழுத்துப் பிடித்திருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு டிராமை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். யாரிந்தப் பொறாமைக்காரி என்றுதான் பங்கஜவல்லி முதலில் நினைத்தாள்.

"செண்பகம் ஸ்டாப்!" என்று கத்தி, கண்டக்டர் மணியடித்தார்.

எல்லோரும் அப்பாடா என்று இறங்கினார்கள். பங்கஜவல்லி கடைசியாக இறங்கினாள். கால் வைத்த இடத்தில் பள்ளம் இருந்தது, அவளுக்குத் தெரியவில்லை, தடுக்கினாள். செண்பகம் பிடித்துக்கொண்டாள். "பார்த்து வாங்கக்கா. என்னை வுட்டுட்டு நீங்க மட்டும் போயிட்டீங்களே!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள். உள்ளே அழைத்துப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "நீங்க எதையும் தொட வேணாம், உக்காருங்க. அலைஞ்சிட்டு வந்திருக்கீங்க."

பங்கஜவல்லி தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். சுவரில் சாவிகள் வேறு வரிசையில் தொங்கின. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது; எந்தப் பாத்திரம் என்று சத்தத்தை வைத்துச் சொல்லத் தெரியவில்லை. செண்பகம் வெளியே வந்து, அவள் கையில் காபியைக் கொடுத்தாள். வெள்ளி டம்ளரில்.

நல்ல காபி. நுரை ததும்பியது, சர்க்கரை அளவாக இருந்தது, இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, சொல்ல உரிமையும் இல்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். பங்கஜவல்லி டம்ளரைப் பார்த்தாள், எதிரே தன் வெள்ளி டம்ளரோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். இந்த மனுஷன் ஒவ்வொரு காலையும் இதைத்தான் குடித்தாரா என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூடவே, அடுப்படியில் தன்னுடைய நசுங்கின எவர்சில்வர் டம்ளரில் செண்பகம் சாவகாசமாகக் காபி ஊதிக் குடிப்பது தெரிந்தது.

வயிற்றில் பற்றிக்கொண்டு எரிந்தது. திமிங்கிலத்துக்கும் கடலுக்கும் எரிந்ததெல்லாம் இதற்குக் கால் தூசு.

"அடியே, வையிடி அந்த டம்ளரை! அது என்னுது!"

அவள் எழுந்து போன வேகத்தில் நாற்காலி விழுந்தது. டம்ளரைப் பிடுங்கினாள், மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்தாள், சர்க்கரை டப்பாவை அது இருக்க வேண்டிய தட்டுக்கு மாற்றினாள், "அலமாரிக்குப் பின்னால கரப்பு வர்றது தெரியாதா ஒனக்கு?" என்று அதட்டினாள். செண்பகம் முதலில் திகைத்தாள். பிறகு, "எனக்குன்னு ஒரு டம்ளர் கொடுங்க, நான் ஏன் உங்களுதைத் தொடறேன்?" என்று பதிலுக்குக் கத்தினாள். இரண்டு பேரும் சண்டை போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. அந்தச் சண்டையின் நடுவில்தான் பங்கஜவல்லி செண்பகத்துக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கூவத்தின் வாடை அதற்குள் மூக்கைவிட்டுப் போயிருந்தது.

மறுநாள் காலையில் ஆபத்சகாயத்தின் முன்னால் விளிம்பு நசுங்கின எவர்சில்வர் டம்ளர் வந்து உட்கார்ந்தது. அவர் அதைத் தொட்டு, கை சுட்டு, விரலை உதறினார்.

"இது உன்னோடதாச்சே?"

"நமக்குள்ள இன்னா என்னுது ஒன்னுது. சீக்கிரம் குடிச்சிட்டு மோட்டார் ஓடுதான்னு பாருங்க. அப்படியே மார்க்கெட்டுக்குப் போயி மீன் வாங்கியாங்க. செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கணும், சொம்மா அவ கொடுத்ததை வாங்கிகினு வந்தீங்க, அவ்ளோதான்."

ஆபத்சகாயம் அழுகின வஞ்சிரத்தோடு வந்தார். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அவரை அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார், நடுவில் ஒரு தடவை சிரித்தும்விட்டார். வெள்ளி டம்ளர்களைப் பழந்துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். அடுத்த மாசம் பெண்ணும் மாப்பிள்ளையும் வருவது நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளைக்கும் எவர்சில்வர்தான் என்று முடிவு செய்தாள்.

தை பிறந்து, ஊருக்குப் போனவர்களெல்லாம் கரும்போடு திரும்பி வந்து, சாவிகளைப் பங்கஜவல்லியிடம் வாங்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் டிராம் வந்தது. அவள் வழக்கமான இடத்தில் நின்றாள், பக்கத்தில் செண்பகம், அவளுக்குப் பக்கத்தில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபத்சகாயம். புதிதாகக் கல்யாணமாகிச் சேலத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் பையனும் கை கோத்துக்கொண்டு ஏறினார்கள். ஆபத்சகாயம் படியில் கால் வைத்தார். கண்டக்டர் கையை நீட்டினார்.

"எந்த ஊரு?"

ஆபத்சகாயம் வாயைத் திறந்தார். அவர் கண், காலுக்குக் கீழே ஆடுகிற பலகையின் மேல் இருந்தது. குத்தாலம் என்று சொல்ல வந்த வார்த்தை வெளியே வரவில்லை. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். டிராம் மணியடித்தது, சேலத்துப் பெண்ணின் கொண்டைப்பூ ஜன்னலில் அசைந்தது, கூவம் பாலத்துப் பக்கம் எல்லாம் திரும்பி மறைந்தது.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. பங்கஜவல்லி அதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"இன்னா, எரியுதா?"

"எரியத்தான் செய்யுது" என்றார் ஆபத்சகாயம்.

"நல்லா எரியட்டும்" என்றாள் அவள். செண்பகத்தை இந்தப் பக்கம் இழுத்துவிட்டு, நடுவில் புகுந்து அவர் தோளோடு தோள் சேர நின்றுகொண்டாள்.